பனி இல்லாத கூரை

ஜனவரிப் பனியில் எங்கள் எல்வெரும் ஊரில் யாரும் வீடு விற்பதில்லை. மே வரை பொறுப்பார்கள். தோட்டம் பச்சையானால் பார்க்க வருபவர்களின் மனமும் கொஞ்சம் இளகும். பக்கத்து வீட்டுத் தோரூனால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் கணவன் எய்லிவ் பக்கவாதம் வந்து ஹாமர் நகரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தான். படியில்லாத வீடு கிடைத்தால் அவனை அழைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த இல்லத்துக்கு அருகிலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு விற்பனைக்கு இருந்தது. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும்; அதன் உரிமையாளர் மாதக் கடைசிவரைதான் காத்திருப்பார்.

தரகர் ஸிந்ரே சொன்னதையெல்லாம் தோரூன் செய்தாள். குடும்பப் படங்களைக் கழற்றினாள். எய்லிவின் தூண்டில்களைக் கொட்டகைக்கு மாற்றினாள். வாசல் பாதையில் பனியை வாரி, வழுக்காமல் மணல் தூவினாள்.

விற்பனைக்காக வீட்டைச் சோதிக்கக் கிறிஸ்துமஸுக்கு முன் வந்த ஆய்வாளர், அதில் பெரிய குறை இல்லை என்று அறிக்கை எழுதியிருந்தார். கடுங்குளிர் இறங்கிய பிறகுதான் கூரையில், புகைபோக்கிக்கு அருகில் மட்டும் பனி உருகிக் கருப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அங்கே பரணில் வெப்பம் காக்கும் பஞ்சு நனைந்து, வீட்டுச் சூடு வெளியேறிக்கொண்டிருந்தது.

வீடு பார்க்க ஆட்கள் வரவேண்டிய ஞாயிறன்று காலை, தோரூன் மண்வாரியோடு ஏணியில் கால் வைத்தாள்.

"முழுசையும் தள்ளிடுறேன். வட்டம் தெரியாது."

"ஸிந்ரேகிட்ட சொல்லலாமே," என்றேன்.

"சொன்னா அறிக்கையில சேர்த்துடுவான். அப்புறம் யாரு வாங்குவா? நீ ஏணியைப் பிடி."

பிடித்தேன்.

மதியம் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் முதலில் தெருவிலேயே நின்றார்கள். இருபுறமும் கூரைகளில் முழங்கால் அளவு பனி. அவள் வீட்டில் மட்டும் வெறும் ஓடு. மகளோடு வந்திருந்த பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

"எல்லா வீடும் தொப்பி போட்டிருக்கு. இது மட்டும் ஏன் மொட்டையா நிக்குது?"

"பாரம் அதிகமாச்சுன்னு தள்ளிட்டேன்," என்றாள் தோரூன்.

"பாரமா? இந்தப் பனியை என் கோழிக்கூடே தாங்குது."

"அப்பா, சும்மா இருங்க," என்றாள் மகள்.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? வாங்கப்போறது நீ."

யாரோ சிரித்தார்கள். உள்ளே வந்தவர்கள் காலணி மேல் நீல உறையை மாட்டிக்கொண்டு, சமையலறையை விட்டுவிட்டு மேற்கூரையையே பார்த்தார்கள். தோரூன் சுட்டு வைத்திருந்த ஏலக்காய் பன்களை யாரும் தொடவில்லை.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று ஸிந்ரே தாழ்ந்த குரலில் கேட்டான்.

தோரூன் அவனைத் தாண்டிப் போனாள். பரண் ஏணியைத் தானே இழுத்து இறக்கினாள்.

"புகைபோக்கிப் பக்கம் நனைஞ்சிருக்கு. பத்து நாளா எனக்குத் தெரியும். வந்து பாருங்க."

பெரியவர் ஏறித் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். "ஒரு மூலைதான். நாலு நாள் வேலை. முதல்லயே சொல்லியிருந்தா இது ஒரு விஷயமே இல்ல. இப்ப வேற எதை மறைச்சிருக்கியோன்னுதான் தோணுது."

மறுநாள் அவருடைய மகள் மட்டும் ஒரு விலை சொல்லி அனுப்பினாள். மூன்று மணிக்குள் பதில் வேண்டும். அந்தத் தொகைக்கு ஹாமர் வீட்டின் பாதிகூட வராது.

"வேற யாரும் கேக்கல," என்றான் ஸிந்ரே தொலைபேசியில். "மே வரைக்கும் தாங்குவீங்களா?"

தோரூன் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி கடந்தது. பிறகு எய்லிவை அழைத்தாள்.

"அந்த வீடு நமக்கு இல்ல. மே மாசம் ஆயிடும்." கூரையில் ஏறியதையும் சொன்னாள்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவனுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும். "கயிறு... கட்டினியா?"

"இல்ல."

"நீ விழுந்திருந்தா... ஞாயித்துக்கிழமை... என்னைப் பாக்க யாரு வருவா?"

மறுநாள் காலை தோரூன் ஸிந்ரேயை அழைத்து, நனைந்த மூலையை அறிக்கையில் சேர்க்கச் சொன்னாள். மே வரை விளம்பரத்தையும் எடுத்துவிடச் சொன்னாள்.