கட்டை விரலும் மடக்குக் கத்தியும்

மாஸ்டர் முதன்முதலில் வாங்கிய கத்தியைப் பார்த்தால் பேய்க்கே காய்ச்சல் வரும். கைப்பிடியில் டிராகன் தலை, முதுகில் ரம்பப் பல், அடியில் திருகினால் ஒரு திசைகாட்டி. கல்யாணமான புதிதில் அவர் மனைவி அதை வைத்துத் தக்காளி நறுக்கிப் பார்த்தார். தக்காளி நசுங்கியதே தவிர வெட்டுப்படவில்லை.

“யாரை வெட்டறதுக்கு இதை வாங்கினீங்க?”

“வெட்டறதுக்கா? இது பார்க்கறதுக்கு.”

“அப்ப ஒரு படம் வாங்கி மாட்டியிருக்கலாமே!”

அவர் சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பகலெல்லாம் துணி வெட்டிவிட்டு வருகிற மனுஷன் வீட்டிலும் கத்தியைக் கொஞ்சுவானேன் என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் தக்காளி விஷயம் மாஸ்டரை உறுத்தியது. டிராகன் பரணுக்குப் போனது. வெட்டுகிற கத்திகள் வந்தன. அப்புறம் எஃகுப் பைத்தியம். எந்த எஃகு துருப்பிடிக்கும், எது கூர் தாங்கும் என்று சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் பேசுவார். கடைசியில் மடக்குக் கத்தியில் வந்து நின்றார். கட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளினால் அலகு வெளியே வந்து ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே ஒரு கண்ணாடி அலமாரி நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை பூட்டுக் கடைக்காரரும் கத்திப் பைத்தியம் பிடித்த மற்ற நண்பர்களும் வந்து உட்கார்ந்தால் வீடெல்லாம் டக், டக்தான்.

ஐம்பத்தைந்து தாண்டியதும் வலது கட்டை விரல் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். கம்பெனியில் கட்டிங் மெஷினை உள்ளங்கையால் தள்ளிச் சமாளித்தார். மடக்குக் கத்தியிடம் அந்த ஜம்பம் பலிக்கவில்லை. தள்ளினால் உயிர் போனது, அலகு அசையவில்லை.

கை போனால் ஆளே போச்சு என்று நினைக்கிற ஜாதி அவர். வெளியில் தெரிந்தால் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிடும், மனைவி பரிதாபமாகப் பார்ப்பார். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார். ‘ஊறுகாய் பாட்டில், எண்ணெய் டப்பா மூடியெல்லாம் இன்னும் நான்தானே திறக்கிறேன்!’ என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். மடக்குக் கத்திகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு, மடங்காத, பிடி தடித்த நேர்கத்திகளை வாங்கி அடுக்கினார்.

“என்ன மாஸ்டர், திடீர்னு?” என்றார்கள் நண்பர்கள்.

“மடக்குக் கத்தி வெறும் வேடிக்கைப்பா. வயசு ஏற ஏற நேர்கத்தியோட அருமை தெரியும்” என்றார், முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு.

வந்தது வினை. மாஸ்டரே சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று நண்பர்களும் மடக்குக் கத்திகளை விற்கத் தொடங்கினார்கள். மூட்டு வலியும் ஒரு ஃபேஷன் ஆகும் என்று யார் கண்டது!

ஒரு ஞாயிறு, பூட்டுக் கடைக்காரர் மட்டும் தனியாக வந்தார். அவர் உயிரையே வைத்திருந்த கொம்புப் பிடி மடக்குக் கத்தியை மேஜைமேல் வைத்தார்.

“நாளைக்கு ஒருத்தர் வந்து வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கார். கடைசியா உங்ககிட்ட ஒரு தடவை காட்டிடலாம்னு வந்தேன்.”

“இதையா விக்கிறே? ஏன்பா?”

“நீங்கதானே வேடிக்கைன்னீங்க? எனக்கு என்னமோ மனசே வரலை. ஆனா உங்களுக்குத் தெரியாததா?”

மாஸ்டர் அதைக் கையில் எடுத்தார். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் மானம் தப்பும். ஆனால் நல்ல மனுஷனிடமிருந்து அவனுக்குப் பிடித்த பொருள் போய்விடும். கட்டை விரலை வைத்துத் தள்ளினார். அலகு வரவில்லை. மறுபடி தள்ளினார்.

“விக்காதே. அன்னிக்கு நான் சொன்னது புருடா. எனக்குத் திறக்க வரலை, அவ்வளவுதான்.”

சமையலறை வாசலில் டீயோடு நின்ற மனைவியைக் கண்டதும் மாஸ்டருக்கு முகம் செத்துப்போனது.

“இதைச் சொல்ல ரெண்டு வருஷமா?” என்றார் அந்த அம்மாள், டம்ளர்களை வைத்தபடியே. “வீட்டுல இருக்கற மூடியெல்லாம் அவ்வளவு லேசாத் திறக்குதே, எப்படின்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?”

மாஸ்டர் யோசித்தார். ஊறுகாய் பாட்டில், எண்ணெய் டப்பா, அவருடைய மாத்திரைப் புட்டி. எதுவுமே இறுக்கி மூடியிருக்கவில்லை.

பூட்டுக் கடைக்காரர் கத்தியை மெதுவாக வாங்கினார். டக். திறந்து, பிடியை மாஸ்டர் பக்கம் திருப்பி நீட்டினார்.

மாஸ்டர் அலகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எண்ணெய் போடணும்” என்றார். பிறகு கத்தியை அவரிடமே திருப்பிக் கொடுத்து, “இன்னொரு தடவை திறயேன், கேக்கணும்” என்றார்.