பழியைச் சரியாகப் பிரித்துக் கொடுத்த கோமளா டாக்டர்

கோமளா டாக்டர் இறந்துபோனார் என்ற செய்தி செல்போனில் வந்தபோது நான் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். மாட்டாஸ்பத்திரி உதவியாளர்தான் பேசினார். "டாக்டரம்மா காலையில போய்ட்டாங்கம்மா. மாரடைப்பு." எனக்கு உடனே அழுகை வரவில்லை. "வரதனுக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்டேன்.

வரதன் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு மாமன் மகன். அம்மையார்குப்பத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரில் கோழிப்பண்ணை வைத்திருப்பவன். டாக்டரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசுவீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேத்தி எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். நான் பார்த்ததை நானே எழுத வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரே வாரத்தில் எங்கள் தெருக் கோழிகள் எல்லாம் தலை வீங்கிச் செத்தன. பறவைக் காய்ச்சல் என்றார்கள். நான் வளர்த்த நாற்பது வாத்துகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. அதுவே குற்றமாகிவிட்டது. டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் வரதன் என் கணவரைப் பிடித்துக்கொண்டான். "பாவா, உன் ஊட்டு வாத்துங்க மட்டும் எப்படி நல்லா நீந்திகினு கீதுங்க? அதுங்கதான் நோயைச் சுமந்துகினு திரியுதுங்க. என் பண்ணைக்கே கொண்டாந்து வுட்டுடுச்சுங்க." என் கணவர் தலை குனிந்து வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளே அதிகாரிகள் வந்து வாத்துகளைக் குழியில் போட்டு மூடினார்கள். தெருக்குழாயில் நான் குடம் வைத்தால் மற்றவர்கள் விலகி நின்றார்கள்.

ஆனால் அதற்கு முன்பே வரதனின் பண்ணைக்குப் பின்னால் ஓடும் ஏரி வாய்க்காலில் பண்ணைக் கோழிகளின் வெள்ளை இறகு மிதந்ததை நான் பார்த்திருந்தேன். என் வாத்துகள் மேய்ந்தது அந்தத் தண்ணீரில்தான். கை நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு அவன் வாசலுக்குப் போனேன். பண்ணையில் பரிசோதனை முடித்து வெளியே வந்த டாக்டர் வழியில் நின்றார்.

"கையில என்னம்மா?"

"மண்ணு. தூத்தப்போறேன். அவன் குடி வெளங்கக்கூடாது."

"தூத்துங்க, நான் தடுக்கல. ஆனா மண்ணு சாட்சி சொல்லாது. உங்க வாத்துங்களைப் புதைக்கறதுக்கு முன்னாடி பஞ்சுக் குச்சியில சளி எடுத்து வச்சிருக்கேன். இந்தப் பண்ணையிலயும் எடுத்துட்டேன். அது சொல்லும்." பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "தப்பு உங்க வாத்து மேலன்னு வந்தாலும் இதே வாயாலதான் சொல்லுவேன். அப்ப என் மேலயும் மண்ணு தூத்துவீங்களா?"

"ஆங், தூத்துவேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லம்மாவின் சாகக் கிடந்த கடைசிக் கோழியைக் காட்டி, "இதுலயும் எடுங்க. தெருக் கோழி அத்தனையும் கொன்னவன் அவன்தான்னு தெரியணும்" என்று பிடிவாதம் பிடித்தேன். எடுத்துக்கொண்டார்.

வெளியூர் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்ததும் டாக்டர் நேராக என் வீட்டுக்கு வந்தார். கிருமிக்குள் நான்கே எழுத்துகள் நீளமாக வரிசை கட்டி நிற்கின்றன, கிருமி பெருகும்போது அந்த வரிசையைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்கிறது, அப்போது பிழை விழுகிறது என்று விளக்கினார். நான் குறுக்கிட்டேன். "எங்க தறியில புடவைக் கரைக்குப் போடற ஜக்கார்டு அட்டை மாதிரிங்களா? பழைய அட்டையைப் பாத்துப் புது அட்டை வெட்டறப்ப ஒரு துளை தப்பிப்போச்சுன்னா, அதைப் பாத்து வெட்டறதெல்லாம் அதே தப்போட வரும். மேல புதுத் தப்பும் சேரும். புடவைக் கரையைப் பாத்தே எந்த அட்டை மூத்ததுன்னு சொல்லிடுவோம்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அதேதான். எனக்கு இது புரிய ரெண்டு வருஷம் ஆச்சு." பிறகு முடிவைச் சொன்னார். பண்ணைக் கோழியில் இருந்த பிழைகள் எல்லாம் என் வாத்துகளிலும் இருந்தன. வாத்துகளில் ஒரு பிழை அதிகம். பண்ணையில் கோழிகள் சாகத் தொடங்கிய நாளும் முந்தியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நோய் பண்ணையிலிருந்துதான் வாத்துக்கு வந்திருக்கிறது. நான் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்க. இன்னும் முடியல. வாத்துல புதுசா சேர்ந்த அந்தத் தப்பு செல்லம்மா கோழியிலயும் இருக்கு."

அவர் மேலே ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை. பண்ணையிலிருந்து என் வாத்துக்கு. என் வாத்திலிருந்து தெருவுக்கு. நானே எடுக்கச் சொன்ன குச்சி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. "முதல் பாதியை மட்டும் ஊருக்குச் சொல்லுங்க டாக்டரம்மா" என்று கெஞ்சினேன்.

"பாதியைச் சொன்னா மீதியை வரதன் கண்டுபிடிப்பார். அப்புறம் முதல் பாதியும் பொய்னு ஆயிடும். பழி வாங்கணும்னா முழுசா சொல்லித்தான் வாங்கணும்மா."

ஊர்க் கூட்டத்தில் இரண்டையும் படித்தார். இரண்டாவதைக் கேட்டதும் வரதன் துள்ளினான். "பாத்தீங்களா, வாத்துதான்!" செல்லம்மாதான் வாயைத் திறந்தாள். "அது கெடக்கட்டும்பா. அவ வாத்துக்குக் குடுத்தது யாரு?" அவன் வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டான். நான் செல்லம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு மாதம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, அப்புறம் பேசினாள். வரதன் இத்தனை வருடத்தில் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

திருத்தணியில் மலையடிவாரத் தெருவிலிருந்த அவர் வீட்டில் டாக்டரைக் கிடத்தியிருந்தார்கள். ரோஜா மாலையோடு வரதன் வந்தான். "டாக்டரம்மா எனக்கு ரொம்ப வேண்டியவங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தான். நான் குறுக்கே போய் நின்றேன். முதலில் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். "எங்க தெருக் கோழிக்கு நோயைக் குடுத்தது என் வாத்துங்க." பிறகு அவன் பக்கம் திரும்பினேன். "என் வாத்துக்கு யாரு குடுத்தது வரதா? சொல்லிட்டு மாலையப் போடு."

"சாவு ஊட்டுல இன்னாக்கா இது" என்றான். நான் நகரவில்லை. மாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "செத்த கோழிங்களை வாய்க்கால்ல போட்டது நான்தான்" என்று முணுமுணுத்தான்.

"எனக்கே கேக்கல. அவங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

உரக்கச் சொன்னான். வழிவிட்டேன்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுவது. அதன்பிறகு எதிராளியை விடாமலிருப்பது. கோமளா டாக்டரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்.