சண்முகவள்ளிக்கு வராத கட்டி

வேடசந்தூர் பக்கத்து நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கும் சண்முகவள்ளிக்கு, அடுத்தவர் நகையைப் பார்த்தோ வீட்டைப் பார்த்தோ வயிறு எரிந்ததே கிடையாது. நாத்தனார் மாடி வீடு கட்டியபோதுகூட, பால் காய்ச்சும் நாளுக்கு முன்னாலேயே போய் நின்று ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டவள். நாற்பத்தாறு வயதில் அவள் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது ஒரு நோயாளியைப் பார்த்து. யாரிடம் போய் அதைச் சொல்ல முடியும்?

அந்த நோயாளி, அவளோடு ஒரே மிஷினில் பத்து வருஷம் நின்று அறுந்த நூலை ஒட்டிய செபாஸ்தியம்மாள். இடது மார்பில் புற்றுநோய் வந்து, மார்பை எடுத்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, ஒரு வருஷம் கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். இடது கை அடிக்கடி வீங்கியதால் உட்கார்ந்து லேபிள் ஒட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். அதுவும் பரவாயில்லை. சண்முகவள்ளியால் பொறுக்க முடியாதது சேவியரைத்தான்.

சேவியர் செபாஸ்தியம்மாளின் புருஷன். வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது மில் வாசலில் வண்டியோடு நிற்பார். கேழ்வரகுக் கஞ்சி, அவித்த முட்டை, கீரை. "மெதுவாக் குடி, சுடுது" என்பார். கையைத் தூக்க முடியாத நாட்களில் அவர்தான் தலை சீவிவிட்டார், அவர்தான் ஜாக்கெட் ஊக்கு மாட்டிவிட்டார் என்று மில் பஸ்ஸில் பெண்கள் பேசிப் பேசி மாய்ந்துபோவார்கள். சண்முகவள்ளி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தண்ணி லாரி ஓட்டும் அவள் புருஷன் மலைச்சாமி, வார்டு வாசலில் விட்டுவிட்டு "லோடு கெடக்கு" என்று கிளம்பியவர், மூன்றாம் நாள் வந்து கேட்ட முதல் கேள்வி, "பீரோ சாவி எங்க வச்ச?"

கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் அவருக்கு நினைவில் தங்காது.

கொஞ்ச நாளில் சண்முகவள்ளிக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. குளிக்கும்போது தன் மார்பைத் தடவிப் பார்ப்பாள். எல்லோரும் பயந்துகொண்டு தேடுவார்கள். அவள் தேடியதில் பயத்தோடு வேறொன்றும் இருந்தது. ஏதாவது தட்டுப்பட்டால் அந்த மனுஷன் என்ன செய்வார்? லாரியை நிறுத்துவாரா? அப்படி நினைத்ததுமே உடம்பு கூசிப்போய், சொம்பு சொம்பாகத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வாள். மறுநாளும் தடவிப் பார்ப்பாள்.

ஐப்பசியில் மில் கேன்டீனில் பெண்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் மலர்விழி வந்திருந்தாள். அவள் பேசுவதற்கு முன்னால் செபாஸ்தியம்மாளைப் பேசச் சொன்னார்கள்.

"எனக்குச் சுண்டைக்கா அளவுக்குத்தான் இருந்துச்சு. வலியே இல்ல. வலிக்கலையேன்னு எட்டு மாசம் விட்டுட்டேன். தோலு உள்ள இழுத்துக்கிட்ட பிறகுதான் போனேன். வலிக்கலைன்னா சும்மா இருந்துறாதீங்கக்கா. வெக்கப்பட்டுக்கிட்டும் இருக்காதீங்க. அப்பவே போயிருந்தா, மாரை எடுக்காமலே பாத்திருக்கலாமுன்னாங்க."

கேன்டீன் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். சண்முகவள்ளிக்கு மட்டும், இம்புட்டுப் பேரும் செபாஸ்தியம்மாளையே பார்க்கிறார்களே என்றுதான் பட்டது.

அவள் முறை வந்தது. திரைக்குள் மலர்விழி பொறுமையாகப் பார்த்தாள். மூன்று விரலைச் சேர்த்து வட்டமாக அழுத்தி, அக்குள் வரைக்கும் எப்படித் தடவிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்தாள்.

"ஒங்களுக்குத்தான் கர்ப்பப்பைய எடுத்தாச்சே, மாசவெலக்குக் கணக்கு இல்ல. மாசத்துல ஒரு தேதிய வச்சுக்கிட்டு அன்னைக்குப் பாருங்க. கட்டி, தோல்ல சுருக்கம், காம்புல ரத்தமோ நீரோ, எது தெரிஞ்சாலும் உடனே வாங்க. இப்ப ஒண்ணுமே இல்லக்கா."

"நல்லாப் பாத்தீங்களாம்மா?"

"நல்லாவே பாத்துட்டேன். ஆனா பிரஷர்தான் கன்னாபின்னான்னு ஏறிக் கெடக்கு. நூத்தி எழுவது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து மாத்திரை ஆரம்பிங்க."

கட்டி இல்லை என்றதும் சண்முகவள்ளிக்கு நெஞ்சுக்குள் பொத்தென்று ஏதோ விழுந்தது. அது நிம்மதி இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. கை கழுவும் குழாயடியில் நின்று அழுதாள். செபாஸ்தியம்மாள் ஓடி வந்தாள்.

"என்னக்கா? ஏதும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் இல்லையாம்."

"அப்புறம் என்னத்துக்கு அழுகுறீங்க? சந்தோசப்படுங்க!"

"ஒனக்கென்ன, நீ சொல்லுவ. ஒனக்கு வந்துச்சு, ஒன் வீட்டுக்காரரு தாங்குறாரு. எனக்கு பிரஷரு. பிரஷருக்கு எவன் வந்து கஞ்சி ஊத்துவான்?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. செபாஸ்தியம்மாள் தன் இடது கையை முன்னால் நீட்டினாள். முழங்கைக்குக் கீழே கனத்துப்போயிருந்தது.

"இந்தக் கையில ஒரு கொடம் தூக்க முடியல. ஒவ்வொரு தடவ செக்கப்புக்குப் போகையிலயும் ஒரு வாரம் சோறு எறங்காது. இதுக்கா ஆசப்பட்டீங்க?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

நாலு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் செபாஸ்தியம்மாள் முன்சீட்டுக்கு மாறிக்கொண்டாள். சண்முகவள்ளி வெட்கத்தில் வெந்தாள். பொறாமை அப்போதும் அடங்கவில்லை. இரண்டும் சேர்ந்து தின்றன.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மலைச்சாமி ஊறுகாயைத் தட்டின் ஓரம் வைத்துக் கம்மஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீங்களும் வாங்க."

"எதுக்கு?"

"எனக்கு பிரஷரு. நூத்தி எழுவது."

"நாளைக்கு லோடு..."

"லோடு கெடக்கட்டும். இத்தன வருசத்துல வாங்கன்னு ஒரு தடவயாச்சும் கூப்புட்டிருக்கனா? இப்பக் கூப்புடுறேன்."

மலைச்சாமி கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தார். "நீ கூப்புட்டதே இல்ல, ஆமா" என்றார். அதை ஒரு குற்றமாகச் சொல்கிறாரா, ஆச்சரியமாகச் சொல்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

வந்தார். பெஞ்சில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் வாயைப் பிளந்து தூங்கிப்போனார். சண்முகவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயரைக் கூப்பிட்டதும் திடுக்கிட்டு எழுந்து அவள் பின்னாலேயே உள்ளே வந்தார். மலர்விழி மாத்திரையைக் கொடுத்து, உப்பு, ஊறுகாய், கருவாட்டைக் குறைக்க வேண்டும், தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும், பசியோடு ஷிப்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லி முடித்தாள். மலைச்சாமி வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்.

"தாயி, மில்லுல இருக்குற அந்தம்மா மாதிரி... கட்டி கிட்டி எதுவும் இவளுக்கு இல்லையில்ல?"

"இல்லப்பா. முகாம்லயே பாத்துட்டேன்."

"சரி, சரி" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென வெளியே போனார்.

சண்முகவள்ளி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதை வீட்டில் ஒரு தடவை கேட்டிருந்தால் என்ன என்று கோபம்தான் முதலில் வந்தது. லாரியில் ஏறும்வரை அந்தக் கோபம் இருந்தது. அவர் கையை நீட்டி அவளை ஏற்றிவிட்டதும் கொஞ்சம் மறந்துபோனது.

செவ்வாய்க்கிழமை மில் பஸ்ஸில் அவளே முன்சீட்டுக்குப் போய் செபாஸ்தியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னைக்குப் பேசுனது தப்பு" என்றாள். செபாஸ்தியம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"எங்க தெருவுல மூணு பேரு வெக்கப்பட்டுக்கிட்டு முகாமுக்கே வரல. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் வா, நீ சொன்னாத்தான் கேப்பாளுக."

"வாரேன்."

பஸ் அய்யலூர் ரோட்டில் திரும்பியது. சண்முகவள்ளி செத்த நேரம் பொறுத்துப் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை.

"நேத்து எங்க வீட்டுக்காரரு லோடயெல்லாம் விட்டுட்டு என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. வேணாம் வேணாம்னேன், கேக்கல. எனக்கு என்னமோ ஏதோன்னு அவருக்கு ஒறக்கமே இல்ல, பாவம்."

"அப்புடியாக்கா?"

"அட ஆமாங்குறேன்" என்று சண்முகவள்ளி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.