டிரைவர் தலையில் தட்டினால் நிற்கும்

என் காரில் ஐந்து சென்சார். அவள் காரில் இரண்டே இரண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அரங்கத்தில் இதை ஒருவர்கூட கேட்கவில்லை.

இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வேலூருக்குப் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் மூன்றாம் வருஷம். நான் வேலூர்க்காரி, அம்மா நர்ஸ். அவள் ஆம்பூர். அவளுடைய அப்பா ஒரு தோல் கம்பெனி முதலாளிக்கு கார் ஓட்டினார். முதல் நாளிலிருந்து ஒரே பெஞ்ச். அவள் டிபன் பாக்ஸில் பாதி என் வயிற்றுக்குத்தான் போகும்.

அமெரிக்காவில் ஏதோ பாலைவனத்தில் ஆளே இல்லாத கார்களைப் போட்டிக்கு விட்டார்கள் என்று பிரவுசிங் சென்டரில் முதலில் படித்தவள் நான். பாதிக்கு மேல் வழியிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிட்டதாம். எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. கொஞ்ச தூரமாவது தானாக ஓடியதே! பிரின்ட் எடுத்து அவளிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "ஏன்டி, பாலைவனத்துல ஒரு ஈ காக்கா இல்ல. அங்கயே முட்டுதுன்னா நம்ம ஆம்பூர் பஜாருக்கு வந்தா இன்னா பண்ணும்?" என்றாள்.

இப்படிக் கேட்டவள்தான், காலேஜில் பிராஜெக்ட் கண்காட்சி அறிவித்த வாரம், நான் பெயர் கொடுத்த மறுநாளே அதே தலைப்பில் தன் பெயரையும் கொடுத்தாள். ஓட்டுநர் இல்லாத கார். "தனித்தனியா பண்ணலாம்டி, ஜாலியா இருக்கும்."

ஜாலியாம்! முதலில் வருகிறவளுக்குச் சென்னையில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் கோடை லீவு முழுக்க வேலை பழக இடம். ஒரே ஒரு இடம். நான் ராத்திரி தூக்கத்தில்கூட அந்த இடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். என் தலையில் உதித்ததை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. அவள் டிபனைச் சாப்பிடுவதையும் நிறுத்தவில்லை.

இரண்டு பேர் காரும் ஒரே வகைதான். முழ நீளம்கூட இருக்காது. வெள்ளைத் தரையில் கறுப்புக் கோடு போட்டால், அடியில் இருக்கும் சென்சார் கோட்டைப் பார்த்துக்கொண்டே கார் போகும். வெள்ளையில் பட்ட வெளிச்சம் திரும்பி வரும், கறுப்பில் பட்டது வராது. அவ்வளவுதான் சங்கதி. என் வீட்டுத் தரையில் சார்ட் பேப்பர் விரித்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, நூறு தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். ஒரு தடவைகூடத் தடம் மாறவில்லை.

கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினர் யாரென்று தெரிந்ததும் என் புத்தி வேலை செய்தது. அவளுடைய அப்பாவின் முதலாளிதான். தோல் முதலாளி வருகிறார், இவள் எப்படியும் அவருக்குத் தெரிந்த பெண், நான் எதில் குறைந்தேன்? டேப்பைத் தூக்கிப் போட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன். அவரைப் பிடித்து, கண்ணாடி மாதிரி மின்னுகிற கறுப்புத் தோலில் விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டி வாங்கினேன். முந்தின ராத்திரிதான் கைக்கு வந்தது, ஓட்டிப் பார்க்க நேரமில்லை. தோலில் ரோடு! எவளுக்கு வரும் இந்த ஐடியா?

அன்று காலையிலேயே கூட்டம். பெற்றோர், லெக்சரர்கள், காலேஜ் பஸ் டிரைவர்கள். என் மேஜைக்கு முதலில் வந்தவர் குடியாத்தத்துக்காரர், கூடப் படிக்கும் ஒருத்தனின் அப்பா, லுங்கித் தறி போட்டிருப்பவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க பவர்லூம்ல நூல் அறுந்தா தறி தானா நின்னுடும்மா. அப்படி இருந்தும் பக்கத்துல ஒரு ஆள் நிறுத்தித்தான் வச்சிருக்கேன். நீ ஆளே வேணாங்கறியே?"

பஸ் டிரைவர் ஒருவர் புகுந்தார். "சைடுல உரசிட்டுப் போச்சுன்னா யாரை எறங்கச் சொல்லித் திட்றது?"

சிரிப்பு. "நிஜ கார்ல இதெல்லாம் மாட்டினா விலை இன்னா ஆவும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பொய் சொல்ல வரவில்லை. "இப்போதைக்கு... கார் விலையைவிட ஜாஸ்தி ஆகும்."

"உசுருக்கும் கேரண்டி இல்ல, விலையும் ஜாஸ்தி. இந்தப் பேஜார் எதுக்கும்மா நமக்கு?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இங்கிலீஷில் நாலு பெரிய வார்த்தையை எடுத்துவிட்டேன். "பேச்சு வேணாம், ஓட்டிக் காட்றேன், பாருங்க" என்று சுவிட்சைப் போட்டேன்.

கார் நேராகப் போனது. முதல் வளைவு வந்தது. கார் வளையவில்லை. தோல் ரோட்டைத் தாண்டி, மேஜை விளிம்பைத் தாண்டி, என் அம்மாவோடு வந்திருந்த சீனியர் நர்ஸின் காலில் போய் விழுந்தது. "ஐயையோ!" என்று அவர் குதித்த குதி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"சொல்லி வாய மூடல," என்றார் பஸ் டிரைவர்.

குனிந்து காரை எடுத்தேன். ஐந்து சென்சாரும் எரிந்துகொண்டுதான் இருந்தன. அப்போது பக்கத்து மேஜையிலிருந்து அவள் வந்தாள். பட்டையை விரலால் ஒரு தடவு தடவினாள்.

"ஏய் லூசு, இவ்ளோ மின்னுது, வெளிச்சத்தத் திருப்பி அடிக்காதா? உன் காருக்கு இது வெள்ளைடி. தோலத் திருப்பிப் போடு."

பட்டையின் பின்பக்கம் சொரசொரவென்று, மினுக்கமே இல்லாத கறுப்பு. அவளே உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாகத் திருப்பி ஒட்டிக் கொடுத்தாள். அதன் பிறகு என் கார் ஒரு தப்பும் செய்யவில்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை. எல்லாரும் அவள் மேஜைக்குப் போய்விட்டார்கள். உதவி செய்தவள்மேல் அவ்வளவு எரிச்சல் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவள் மேஜையில் அப்படி என்ன? ஒரு பொம்மை. காரின் மேல் துணியில் தைத்த டிரைவர். அப்பாவின் பழைய வெள்ளை யூனிஃபார்மை வெட்டித் தைத்த சட்டை, அதே பித்தளை பட்டன், அதே அடர்ந்த மீசை. பொம்மைக்கு அடியில் ஒரு சுவிட்ச்.

"பயமா இருந்தா டிரைவர் தலையில ஒரு தட்டு தட்டுங்க, நின்னுடும்" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

தட்டினார்கள். கார் நின்றது. மறுபடி ஓடவிட்டு மறுபடி தட்டினார்கள். குடியாத்தத்துக்காரர்கூட, "இது சரி! ஒரு ஆள் இருக்கான், நாமளும் நிறுத்தலாம்" என்று தலையாட்டினார். யாரும் விலை கேட்கவில்லை. யாரைத் திட்டுவது என்று கேட்கவில்லை. இரண்டு சென்சார், ஒரு கந்தல் பொம்மை! நான் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பொம்மை கழன்று விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சத்தியமாக வேண்டிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். பின்னால் அவளுடைய அப்பா, சலவை மடிப்புக் கலையாத வெள்ளை யூனிஃபார்மில், வாசலில் முதலாளிக்குப் போட்ட மாலையையும் சால்வையையும் இரண்டு கையிலும் பிடித்தபடி. என் மேஜையில் முதலாளி அரை நிமிஷம் நின்றார். "தோல் ரோடா? நல்லாருக்கு" என்றார். நகர்ந்துவிட்டார்.

அவள் மேஜையில் பொம்மையைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "அட, நம்ம டிரைவர் மாதிரியே இருக்கானே!" தலையில் தட்டினார். கார் நின்றது. இன்னொரு தட்டு, பலமாக. பிறகு பின்னால் திரும்பி, "இன்னாப்பா, அடுத்த வருஷம் உன்ன வீட்டுக்கு அனுப்பிடலாமா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுடைய அப்பாவும் சிரித்தார். "சரிங்க சார்." மாலை பிடித்த கை மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியது.

நான் அவளைப் பார்த்தேன். காலையிலிருந்து எத்தனை கைகள் அந்தத் தலையில் தட்டின என்று அவள் அப்போதுதான் எண்ண ஆரம்பித்ததுபோல இருந்தது. பாசமாக மீசை வரைந்தவளுக்கு இது தோன்றாமல் போய்விட்டது.

பொம்மையைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற நடுவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "ஏம்மா, நிஜமாவே இப்படி ஒரு கார் வந்தா உங்க வீட்டு ஆளுங்கள ஏத்துவியா?"

"மாட்டேன் சார். எங்கப்பா ஓட்டினாதான் ஏறுவோம்."

"அப்புறம் எதுக்கு இத செஞ்ச?"

"ஓடுதான்னு பாக்கத்தான் சார்."

நடுவர் ஏதோ குறித்துக்கொண்டார். அதே கேள்வி என்னிடமும் வந்தது. "கண்டிப்பா ஏத்துவேன் சார், எங்கம்மாவையே ஏத்துவேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். நாலடி தள்ளி அம்மா நின்றிருந்தாள். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

மதியம் முடிவு சொன்னார்கள். சென்னை எனக்கு. அவள்தான் முதலில் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "போய்ட்டு வாடி. அங்கயாவது தோலத் திருப்பிப் போடு."

அம்மா டியூட்டிக்கு ஓடிவிட்டாள். நான் காரைப் பெட்டியில் வைத்து, ஷீல்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அந்த இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் விட்டுக்கொடுத்துக் கிடைத்த மாதிரி இருந்தது, அது பொறுக்கவில்லை.

காலேஜ் கேட்டிலிருந்து முதலாளியின் கார் வந்தது. முதலாளி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் மகளை பஸ் ஸ்டாண்டில் விட்டுவரச் சொல்லி டிரைவரை அனுப்பியிருக்கிறார். முன் சீட்டில் அவள். டேஷ்போர்டில் அந்தப் பொம்மை, ரோட்டைப் பார்த்தபடி.

"ஏறும்மா, வேலூர்லயே எறக்கிட்றேன்" என்றார் அவளுடைய அப்பா.

"பரவால்ல அங்கிள். பஸ் வருது."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். குறுக்கே கை நீட்டி, மகள் பக்கத்துக் கதவை ஒருமுறை இழுத்து, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை, எனக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள். கார் மெதுவாக ரோட்டில் ஏறி, கிழக்கே திரும்பியது.

கண்ணுக்கு எட்டிய வரை பஸ் எதுவும் வரவில்லை.