மேல் டிவிசனின் காவல்காரி

ஹல்துமுல்லைக்கு மேலே, நெல்லிமலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இன்று குடியிருப்பவர் யாருமில்லை. ஊற்று வற்றியது, தேயிலை காடானது, குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே ரோட்டோரத்து வீடுகளுக்கு இறங்கிவிட்டன. கூரையில்லாத தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களையும் சின்ன அந்தோனியார் கோயிலையும் சுற்றி வேலி போட்டு, வரலாற்றுப் பூங்கா என்று பெயர்ப்பலகை நட்டார்கள். காவலுக்கு ஜெசிந்தினியை வைத்தார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்தவள்.

சுவரில் பெயர் கீறுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. "தம்பி, ஒங்க வீட்டுச் சொவத்துல நான் வந்து கிறுக்கட்டுமா?" என்பாள். அவர்கள் முகம் வாடினால் மனசு கேட்காது. தானே கூட்டிப்போய், "இது வேலாயி அக்கா வீடு. வாசல்ல நின்னா பனி காலுக்குக் கீழ போகும், பாருங்க" என்று காட்டுவாள்.

சென்ற ஆண்டு பார்க்க வருகிறவர்களின் வேன்கள் பெருகின. அவற்றை நிறுத்தக் கடைசி லயத்தை இடிப்பதென்று முடிவாயிற்று. ஜெசிந்தினி பூங்கா அலுவலகத்துக்குப் போய்க் கெஞ்சினாள். "இடிஞ்ச லயந்தானே" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கீழே வீடுவீடாக ஏறி இறங்கினாள்.

இடிக்கும் நாளன்று மண்வாரும் பெக்கோ இயந்திரத்தை ஓட்டிவந்த பலீல், லயத்தருகே வந்ததும் திகைத்துப்போனான். ஒவ்வொரு காம்பரா அறையிலும் அடுப்பு எரிந்தது. பழைய குடும்பங்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தன.

"அக்கா, யாருமில்லாத எடம்னு சொன்னாங்களே!"

"இருக்கமா இல்லையான்னு நீங்களே பாருங்க. மொதல்ல எறங்கி டீ குடிங்க."

பலீல் இறங்கினான். வேலாயி தந்த ரொட்டியைத் தின்றுவிட்டு அதிகாரிக்குப் போன் போட்டான். "சேர், உள்ளுக்கு ஆளுக இருக்காங்க. என்னால இடிக்க ஏலாது."

அதிகாரி கோபத்தோடுதான் வந்தார். ஜெசிந்தினி சண்டை பிடிக்கவில்லை. அவரைக் காம்பரா காம்பராவாக அழைத்துப்போனாள். யார் எங்கே பிறந்தார்கள், யாருக்கு எங்கே தாலி கட்டினார்கள் என்று அவரவரே சொன்னார்கள். கடைசிக் காம்பராவில் அவர் குரல் தணிந்திருந்தது.

"அப்ப வேன எங்க நிப்பாட்டுறது?"

"கீழ, முந்தி கொழுந்து நிறுத்துப் பாத்த மடுவக் கொட்டகப் பக்கம் சும்மாதானே கெடக்கு?" என்றார் அவள் கணவர் மரியநாயகம். "அங்கேருந்து நடந்து வரட்டுமே."

இப்போது வேன்கள் மடுவத்தடியில்தான் நிற்கின்றன. ஏற்றம் ஏறி மூச்சு வாங்குகிறவர்கள் முணுமுணுப்பார்கள். ஜெசிந்தினி தண்ணீர்ப் போத்தலை நீட்டிச் சிரிப்பாள்.

"நாங்க கூடையோட ஏறுன ஏத்தங்க இது. மெதுவா வாங்க, லயம் எங்கயும் ஓடிப்போகாது."