பிரிண்டருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து நல்லூர் யூனிட்டைத் திறந்த காலை, மணி 9.40. பேக்கிங்கில் அறுபத்து நான்கு அட்டைப்பெட்டிகள் தயாராக இருந்தன. அவற்றில் ஒட்டும் ஸ்டிக்கர் மட்டும் வரவில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரி பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டும். ஸ்டிக்கரை அச்சடிக்கும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை எழுதியவன் நான்.

பேக்கிங் சூப்பர்வைசரம்மா பட்டுப்புடவையில் வந்திருந்தார். பெருமாநல்லூரில் அவருடைய தம்பி மகளுக்கு அன்று காதுகுத்து. லாரி கிளம்பினால்தான் அரை நாள் லீவு.

“ஏனுங்ண்ணா, ‘அனுமதி இல்லை’ன்னே சொல்லுதுங்க. நான் என்னங்க பண்ணுனேன்?”

“நீங்க ஒண்ணும் பண்ணலீங்க அம்மிணி. இருங்க, பாத்தர்றேன்.”

என் அட்மின் லாகினில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஸ்டிக்கர் வந்தது. அவர் லாகினில் ஓட்டினேன். அனுமதி இல்லை.

“ஆளப் பாத்துத்தான் அச்சடிக்கும் போலங்க. அப்ப உங்களுதுலயே எல்லாத்தையும் அடிச்சிருங்க.”

அது முடியாது. யார் லாகினில் அச்சானது என்பதும் ஸ்டிக்கரில் விழும். பேக்கிங் லாகின் இல்லாத பெட்டியைச் சரக்கு வாங்கும் பையர் ஏற்க மாட்டார்.

பூஜை போட்டபின் விடுமுறை முடியும்வரை எங்கள் யூனிட்டில் எந்த மெஷினும் ஓடக்கூடாது. ஆனால் போன வருடம் யாரோ பொரிகடலைப் பொட்டலங்களுக்கு ஸ்டிக்கர் அடித்துவிட்டார்கள். அதனால் இந்த முறை ஸ்கிரிப்டை ஓட்டும் அனுமதியை நீக்கியிருந்தேன். காலையில் வந்ததும் திருப்பிக் கொடுத்தேன். இரண்டும் நாட்குறிப்பில் நேரத்தோடு இருந்தன. ஸ்கிரிப்ட், அது இருக்கும் ஃபோல்டர், பெட்டிப் பட்டியல் ஆகிய மூன்றின் அனுமதியையும் பார்த்து டிக் அடித்தேன். எல்லாம் சரி. எந்தக் கோப்பு மறுக்கிறது என்பதையாவது திரை சொல்லியிருக்கும். நீளமான பிழைச் செய்தியைக் கண்டு யாரும் பயப்படக் கூடாதென்று அதை மறைத்து, ‘அனுமதி இல்லை’ என்று மட்டும் வரும்படி எழுதியிருந்தவனும் நானே.

மணி 10.50.

“இன்னேரம் காது குத்தியிருப்பாங்க. பந்திக்காச்சும் போவனா?” என்றவர், பிரிண்டரைப் பார்த்துச் சிரித்தார். “மெஷினெல்லாம் தொடச்சாச்சு. இது மட்டும் பொட்டோடயே நிக்குது. இதுக்கு இன்னும் லீவு முடியலீங்களாட்ட இருக்குது.”

அந்தப் பொட்டை வைத்தவன் நான். வைத்த கையோடு இன்னொன்றும் செய்தேன். என் ஸ்கிரிப்ட் தானாக அச்சடிப்பதில்லை. சிஸ்டத்தில் இருக்கும் பிரிண்டர் லைப்ரரி என்ற இன்னொரு கோப்பைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லும். பிரிண்டரும் ஓய்வெடுக்கட்டும் என்று அந்த லைப்ரரியையும் அட்மின் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தேன். விரலெல்லாம் சந்தனமும் குங்குமமுமாக இருந்ததால் பேனாவைத் தொடவில்லை. நாட்குறிப்பில் அது ஏறவே இல்லை.

ஒரே வரிக் கட்டளையில் அந்தப் பூட்டைத் திறந்தேன். அவர் லாகினில் ஓட்டினேன். ஸ்டிக்கர்கள் வரிசையாக வந்து விழுந்தன. பொட்டைக் கர்ச்சீப்பால் துடைத்தேன்.

லாரி 11.55க்குக் கேட்டைத் தாண்டியது. சூப்பர்வைசரம்மா பையை எடுத்துக்கொண்டு, என் லாகினில் அச்சாகி வீணான முதல் ஸ்டிக்கரை என் நாட்குறிப்பின் அட்டையில் ஒட்டினார்.

“அடுத்த பூஜைக்குப் பொட்ட நான் வெச்சுக்கறனுங்க. நீங்க எழுதற வேலைய மட்டும் பாருங்க.”

அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.