முருகேசனின் விசில்

நேற்று கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் முன் சீட்டுக் கல்லூரி மாணவன் ஒரு பொட்டலத்தைக் கிழித்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டான். புதினாவும் பாக்கும் புகையிலையும் கலந்த அந்த வாடை வந்ததுதான் தாமதம், எனக்கு முருகேசன் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் தெருக்காரன். புதுக்கோட்டையில் காலேஜும் ஒன்றாகத்தான் படித்தோம். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு அவன் ஒரு விசில் அடித்தால், முந்திரிக்காட்டின் அந்தக் கோடியில் கொட்டை பொறுக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நானோ, தலை பின்னி முடிப்பதற்குள் பஸ்ஸைக் கோட்டை விடுகிற ரகம். அவன் படியில் தொங்கியபடி விசில் அடிப்பான். கண்டக்டர்தான் அடித்தார் என்று டிரைவர் பிரேக் போடுவார்.

"மெதுவா வா புள்ள, பஸ்ஸு எங்கிட்டும் போயிராது!"

திட்டு வாங்குவது அவன், சீட்டில் உட்காருவது நான். "வாயுள்ள புள்ள பொழைச்சுக்கும்" என்று அவன் அம்மாவுக்கு ஒரே பெருமை.

அப்பேர்ப்பட்டவன் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, திடீரென்று எழுந்து இங்கிலீஷில் பேசு என்றால் எப்படி? ஒரு வார்த்தை தப்பினால் பின்பெஞ்சு சிரிக்கும். செமினார் என்றாலே அவனுக்குக் காய்ச்சல் வரும். ஒருமுறை சீனியர் ஒருவர் பொட்டலத்தை நீட்டினார். "இத வச்சுக்கடா, பயம் போயிரும்."

அன்றைக்கென்று பார்த்து அவன் தடுமாறாமல் பேசிவிட்டான். வகுப்பே கைதட்டியது, நானும்தான். ஒரு வாரமாக முந்திரி மரங்களுக்கு முன்னால் நின்று பேசிப் பழகியவன் அவன். பெயரைத் தட்டிக்கொண்டு போனது அந்தப் பாழாய்ப்போன பொட்டலம்! அதன்பிறகு பரீட்சைக்கு ஒன்று, வைவாவுக்கு ஒன்று, அப்பா திட்டினால் ஒன்று, பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. விட்டுவிடு என்று கெஞ்சினால், "அது இல்லாட்டி நாக்கு எழும்ப மாட்டேங்குது புள்ள" என்பான். அவனுக்கு அவன்மேலேயே நம்பிக்கை இல்லாமல் போனதுதான் எனக்கு ஆறவே இல்லை.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பொட்டலத்தை விட்டுவிட்டானாம். ஆனால் அத்தனை நாள் அடக்கிய பாக்கில் வாய் திறக்க முடியாதபடி இறுகிப்போயிருந்தது. "மூணு வெரலு உள்ள போகணுங்கிறாரு டாக்டரு. எனக்கு ஒண்ணுக்கே மல்லுக்கட்டுது. சோத்தக் கரைச்சுத்தான் குடிக்கிறேன்" என்றான், பல்லிடுக்கு வழியாக.

பேசிக்கொண்டிருக்கையில் என் பஸ் நகர்ந்துவிட்டது. பழைய புத்தி, நான் ஓடினேன். திரும்பிப் பார்த்தால், அவன் இரண்டு விரலை வாய்க்குக் கொண்டுபோயிருந்தான். விரல்கள் உதட்டிலேயே நின்றன.

பஸ் போய்விட்டது.

"மன்னிச்சுக்க புள்ள" என்றான்.